ஒரு டீஸ்பூன் ஆயில் உங்களை மலையேற்றுகிறது… தெரியுமா?

கச்சிராயபாளையத்தைத் தாண்டிக் கோமுகி அணைப் பக்கம் போனதும் ரோடு கல்வராயன்மலையைப் பார்த்து நிமிர்கிறது. அங்கிருந்து வெள்ளிமலை வரைக்கும் இடது காலுக்கு ஓய்வே கிடையாது. மூன்றாவது கியரிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று, வளைவு முடிந்ததும் மறுபடி இரண்டு. மேலேயிருந்து மரவள்ளி ஏற்றிய வண்டி இறங்கி வந்தால் ஓரங்கட்டி நின்று, திரும்பவும் ஒன்றிலிருந்து ஆரம்பம். இப்படி ஒவ்வொரு முறை கிளட்சை மிதிக்கும்போதும் பெடலுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே எவ்வளவு ஆயில் நகர்கிறது தெரியுமா?

ஒரு டீஸ்பூன். அவ்வளவுதான்!

நம்ப முடியவில்லையா? கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பெடலுக்குப் பின்னால் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 15.9 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பல கார்களில் உள்ள அளவுதான். அதற்குள் பிஸ்டன் 25 மில்லிமீட்டர் நகர்கிறது. பரப்பையும் நீளத்தையும் பெருக்கினால் வருவது ஏறக்குறைய 5 மில்லிலிட்டர்! அந்த 5 மில்லிலிட்டர்தான் மெல்லிய குழாய் வழியே கீழே ஓடி, கியர்பாக்ஸ் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளி, கிளட்ச் பிளேட்டை விடுவிக்கிறது.

காலில் நீங்கள் கொடுக்கும் பலம் 10 கிலோ என்றால், பெடல் நெம்புகோலாக வேலை செய்து அதை 60 கிலோ ஆக்குகிறது. அந்த 60 கிலோவும் இரண்டு சதுர சென்டிமீட்டருக்குள் விழுவதால், குழாய்க்குள் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 30 கிலோ. கார் டயரில் அடிக்கும் காற்று இரண்டு கிலோ சொச்சம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்! 19 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஸ்லேவ் சிலிண்டரில் அது 86 கிலோ தள்ளுவிசை ஆகிறது. கிளட்ச் ஃபோர்க் இன்னும் கொஞ்சம் பெருக்கிக் கொடுக்க, ரிலீஸ் பேரிங்கில் போய் விழுவது 150 கிலோவை நெருங்குகிறது. பத்துக் கிலோ மிதிக்கு நூற்றைம்பது கிலோ!

இத்தனையும் நடப்பது எதற்காக? கிளட்ச் பிளேட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி விடுவதற்காக. அந்த நூலிழை இடைவெளி கிடைத்தால் கியர் வெண்ணெயாக விழும். கிடைக்காவிட்டால் கரகரவென்று கடிக்கும்.

ஒரு மில்லி காற்று, மூன்று சென்டிமீட்டர் பெடல்

30 கிலோ அழுத்தத்தில் கிளட்ச் ஆயில் எவ்வளவு சுருங்கும்? ஐந்நூறில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாது, காலுக்கும் தெரியாது. அதே அழுத்தத்தில் காற்று எவ்வளவு சுருங்கும்? முப்பத்தொன்றில் ஒரு பங்காகக் குறுகிவிடும்! குழாய்க்குள் ஒரே ஒரு மில்லிலிட்டர் காற்று மாட்டிக்கொண்டால், நீங்கள் மிதிக்கும் 5 மில்லிலிட்டரில் கிட்டத்தட்ட ஒரு மில்லிலிட்டர் அந்தக் காற்றைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும். ஐந்தில் ஒரு பங்கு போச்சு. 15 சென்டிமீட்டர் இறங்கும் பெடலில் முதல் மூன்று சென்டிமீட்டர் வெறும் மிதி. எட்டுச் சொட்டு ஆயிலின் அளவுகூட இல்லாத குமிழ்தானே என்று யாரும் அலட்சியப்படுத்த வேண்டாம். சின்னக் குமிழ்கள் நாலைந்து சேர்ந்தால் போதும், ஒரு மில்லி ஆகிவிடும்.

மெக்கானிக்குகள் பெடலைக் கையால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தே, “ஏர் இருக்கு, எடுக்கணும்” என்று சொல்லிவிடுகிறார்களே, அதன் ரகசியம் இதுதான். பெடல் பஞ்சாக இருக்கும். இரண்டு மூன்று தடவை வேகமாக மிதித்தால் கெட்டிப்படும், கியரும் விழும். பம்ப் பண்ணினால் ஏன் சரியாகிறது தெரியுமா? ஒவ்வொரு முறை பெடல் மேலே வரும்போதும் மாஸ்டர் சிலிண்டர் ஆயில் டப்பாவிலிருந்து கொஞ்சம் புது ஆயிலை உறிஞ்சிக்கொள்கிறது. அதிகப்படியான அந்த ஆயில் திரும்பிப் போவதற்குள் நீங்கள் அடுத்த மிதி மிதித்துவிட்டால், காற்று விழுங்கிய பங்கு ஈடாகிவிடுகிறது. ஐந்து நிமிடம் கழித்து மிதித்துப் பாருங்கள், பழைய கதைதான்.

இன்னொன்றையும் சேர்த்துக் கவனியுங்கள். பம்ப் பண்ணினால் கெட்டிப்பட்டு நிற்கிறது என்றால் காற்று. அமுக்கிப் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்ல மெல்லத் தரைக்கு இறங்குகிறது என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் கப்பு தேய்ந்துவிட்டது. எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் அது தீராது, கிட்டு மாற்ற வேண்டும்.

மலையேறிய அக்காள் கணவர்

அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் பரவும் என்று கண்டு சொன்னவர் பிரான்சு நாட்டு பிளைஸ் பாஸ்கல். 39 வயதில் 1662இல் இறந்துபோனார். திரவங்களின் சமநிலை பற்றி அவர் எழுதிய நூல் அடுத்த ஆண்டு, 1663இல்தான் அச்சேறியது. உங்கள் கிளட்ச் பெடல் அந்த நூலின்படிதான் வேலை செய்கிறது!

அதே பாஸ்கல் மலைக்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார் தெரியுமா? 1648 செப்டம்பர் 19 அன்று, அவருடைய அக்காள் கணவர் ஃப்ளோரான் பெரியே பாதரசக் குழாயைச் சுமந்துகொண்டு புய் த டோம் என்ற மலையில் ஏறினார். அனுப்பிவைத்தவர் பாஸ்கல். உச்சிக்குப் போனபோது பாதரசம் சுமார் 8 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது என்பதற்கு உலகம் பார்த்த முதல் சான்றுகளில் ஒன்று அது. புய் த டோம் சுமார் 1,465 மீட்டர். பெரிய கல்வராயன் பகுதி 4,000 அடியை நெருங்குகிறது, அதாவது 1,200 மீட்டர். ரொம்பத் தூரமில்லை!

ஆகவே பாஸ்கலின் இரண்டு கண்டுபிடிப்பும் வெள்ளிமலை ரோட்டில் ஒரே வண்டிக்குள் சந்தித்துக்கொள்கின்றன. 3,000 அடி ஏறினால் காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறையும். குழாயில் மாட்டிக்கொண்ட குமிழும் அந்த அளவுக்கு உப்பும். கள்ளக்குறிச்சி டவுனில் ஒப்பேறிய பெடல் மலையில் முரண்டு பிடிப்பதற்கு இது ஒரு சின்னக் காரணம். பெரிய காரணம் சூடு. அதற்கு வருவதற்குள் இன்னும் இரண்டு பேரை அறிமுகப்படுத்திவிடுகிறேன்.

இங்கிலாந்தில் ஜோசப் பிராமா 1795இல் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். அழுத்தம் கூடக் கூடப் பிஸ்டன் ஓரமாகத் திரவம் கசிந்ததுதான் பெரிய தலைவலி. அவரிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே அதற்குக் கிண்ண வடிவத்தில் ஒரு தோல் வளையம் செய்து கொடுத்தார் என்பார்கள். அதன் அழகே அழகு: திரவத்தின் அழுத்தமே வளையத்தின் உதட்டை விரித்துச் சுவரோடு ஒட்டவைக்கும். எவ்வளவு அழுத்துகிறீர்களோ அவ்வளவு இறுக்கமாக அடைக்கும்! இன்றைக்கு உங்கள் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப்பு செய்வதும் இதே வேலையைத்தான்.

இன்னொருவர் அமெரிக்காவின் மால்கம் லாக்ஹீட். திரவத்தால் இயங்கும் கார் பிரேக்குக்கு 1917இல் காப்புரிமை பெற்றார். நாலு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக் வைத்து 1921இல் டூசன்பர்க் கார் வந்தது. விமானங்களில் நாம் கேள்விப்படும் லாக்ஹீட் என்ற பெயர் இவருக்கும் இவர் சகோதரருக்கும் உரிய குடும்பப் பெயரே. பிரேக்குக்கு வந்த திரவம் பிறகு கிளட்சுக்கும் வந்தது. தமிழ்நாட்டுக்கு? டி.வி.எஸ். குழுமமும் பிரிட்டனின் லூகாஸும் சேர்ந்து 1962இல் சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கின. கள்ளக்குறிச்சி ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் கிளட்ச் சிலிண்டர் கிட்டு கேட்டால் நீட்டப்படும் டப்பாக்களில் பாடியில் வேர்விட்ட அந்தப் பெயரை இன்றும் பார்க்கலாம்.

பிரேக் ஆயில் எண்ணெயே இல்லை!

கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே ஆயில்தான் என்பது பலருக்குத் தெரியும். அது எண்ணெயே இல்லை என்பது தெரியுமா? கிளைக்கால் ஈதர் வகைத் திரவம் அது. எண்ணெய் தண்ணீரில் மிதக்கும். இது தண்ணீரில் கரைந்துவிடும். கரைவது மட்டுமல்ல, காற்றில் உள்ள ஈரத்தைத் தானாகவே இழுத்துக்கொள்ளும். டப்பா மூடியின் மூச்சுத்துளை வழியாகவும், ஏன், ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவும்கூட ஈரம் உள்ளே போகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வாசலில் நிற்கும் வண்டி சும்மா நிற்கவில்லை. ஆயில் ஈரத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது.

குடித்தால் என்ன ஆகும்? பாட்டிலில் எழுதியிருக்கும் டாட் 3, டாட் 4 என்ற எண்களின் பொருள் அங்கேதான் விளங்கும். புது டாட் 3 ஆயில் கொதிக்கத் தொடங்குவது குறைந்தது 205 டிகிரி செல்சியஸில். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 140க்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 ஆயிலுக்கு 230. ஈரம் சேர்ந்தால் 155. நூற்றில் நாலு பங்குகூட இல்லாத தண்ணீர், கொதிநிலையை 65 முதல் 75 டிகிரி வரை இழுத்துக் கீழே போடுகிறது!

இப்போது மலைக்கு வாருங்கள். ஏற்றத்தில் வண்டி பின்னுக்குப் போகாமல் ஆஃப் கிளட்சில் பிடித்து நிறுத்துகிறீர்கள். பிளேட்டும் ஃப்ளைவீலும் உரசுகின்றன. அந்தச் சூடு கியர்பாக்ஸ் கூட்டுக்குப் பரவி, அதன் மேலேயே பொருத்தப்பட்ட ஸ்லேவ் சிலிண்டருக்கு ஏறுகிறது. உள்ளே பழைய, ஈரம் குடித்த ஆயில் இருந்தால் குமிழ் கிளம்புகிறது. வெளியிலிருந்து காற்று வரவே இல்லை. ஆயிலே ஆவியாகிக் குமிழைப் பெற்றெடுக்கிறது! வெள்ளிமலையில் நிறுத்தி டீ குடித்துவிட்டு வந்தால் ஆறிப்போய்ப் பெடல் பழையபடி நிற்கும். “சரியாப் போச்சு” என்று நினைத்துக்கொண்டு இறங்கத் தொடங்குவோம். இதில்தான் எனக்குப் பெரிய கவலை.

ஏனென்றால் மலையில் கிளட்ச் என்பது பாதி பிரேக். எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பது மலை டிரைவர்களின் பழைய பாடம். இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது இன்ஜின்தான். பிரேக் அதற்குத் துணை. மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றக் கிளட்சை மிதிக்கிறீர்கள். மூன்று கழன்று விட்டது. இரண்டு விழ மறுக்கிறது. வண்டி நியூட்ரலில் உருள்கிறது! இன்ஜின் கை விட்டுவிட்ட அந்த நொடியில் முழுப் பாரமும் பிரேக் மேல் விழுகிறது. மலைக்குப் புறப்படும் முன் டயர் பார்க்கிறோம், பிரேக் பார்க்கிறோம். கிளட்ச் ஆயிலை எத்தனை பேர் பார்க்கிறோம்? கல்வராயன்மலைக்கு அடிக்கடி ஏறி இறங்கும் ஒவ்வொருவரும் அதையும் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஒரே டப்பா, இரண்டு ஓட்டை

பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் சேர்த்து ஒரே ஆயில் டப்பாதான் இருக்கும். அதைக் கூர்ந்து பாருங்கள். கிளட்சுக்குப் போகும் குழாய் டப்பாவின் அடியில் இருக்காது. பக்கவாட்டில் சற்று உயரத்தில் இருக்கும். ஏன் தெரியுமா? கிளட்ச் குழாயில் எங்காவது கசிந்து ஆயில் முழுக்க ஓடினாலும், அந்த மட்டத்துக்குக் கீழே இருப்பது அப்படியே பிரேக்குக்கு மிஞ்சும். கிளட்ச் செத்தாலும் பிரேக் பிழைக்கட்டும் என்று யாரோ ஒரு பொறியாளர் யோசித்து வைத்த ஓட்டை அது. அவரைக் கும்பிட வேண்டும்!

இன்னும் ஒரு விந்தை. பிரேக் பேட் தேயத் தேய டப்பாவில் ஆயில் மட்டம் இறங்கும். தானாகவே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் கிளட்சில் பிளேட் தேயத் தேய மட்டம் ஏறும்! பிளேட் மெலிந்தால் டயஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்கள் பேரிங்கைப் பின்னுக்குத் தள்ளும், அது ஸ்லேவ் பிஸ்டனைத் தள்ளும், அங்கிருந்த ஆயில் மேலே திரும்பிவிடும். எனவே கிளட்சுக்குத் தனி டப்பா உள்ள வண்டியில் மட்டம் இறங்கினால் அது தேய்மானம் அல்ல, கசிவு. டிரைவர் பக்கம் பெடலுக்கு மேலே ஈரமா? மாஸ்டர். கியர்பாக்ஸ் கூட்டுக்கு அடியில் ஈரமா? ஸ்லேவ்.

வீட்டு வாசலிலேயே ஏர் எடுக்கலாம், தெரியுமா?

முதலில் உங்கள் வண்டியில் ஹைட்ராலிக் கிளட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். மாருதி 800இல் கேபிள்தான். அதில் ஏர் எடுக்க ஒன்றுமே இல்லை. நம் மலைப் பாதைகளில் ஆளும் சரக்கும் ஏற்றி ஓடும் பொலிரோ போன்ற வண்டிகளில் ஸ்லேவ் சிலிண்டர் வெளியே, கையெட்டும் இடத்தில் இருக்கும். சில நவீனக் கார்களில் அது கியர்பாக்ஸுக்கு உள்ளேயே பேரிங்கோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கும். அதிலும் ஏர் எடுக்கும் நிப்பிள் வெளியேதான் நீட்டிக்கொண்டிருக்கும். பிரேக்கில் சக்கரத்துக்கு ஒன்றாக நாலு இடத்தில் ஏர் எடுக்க வேண்டும். கிளட்சுக்கு ஒரே இடம்!

வேண்டியவை: வண்டிக் கையேட்டில் சொன்ன வகையில் சீல் உடைக்காத புது ஆயில், நிப்பிளுக்குச் சரியாகப் பொருந்தும் ரிங் ஸ்பேனர், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப், ஒரு பழைய கண்ணாடி பாட்டில், துணி, ஒரு வாளித் தண்ணீர். ஆயில் கால் லிட்டர் போதும். ஸ்பேனர் பெரும்பாலும் 8, 10 அல்லது 11 மில்லிமீட்டருக்குள் இருக்கும். திறந்த வாய் ஸ்பேனரைப் போட்டால் நிப்பிளின் முனைகள் வழுக்கி உருண்டுவிடும். பிறகு அதை எடுப்பதே தனிப் பாடு. எல்லாவற்றையும் விட முக்கியமான பொருள், பெடலில் உட்கார ஓர் ஆள்.

வண்டி சமதரையில் நிற்கட்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். தூக்க வேண்டியிருந்தால் கெட்டியான ஸ்டாண்டு வைக்காமல் வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே படுக்காதீர்கள். நிப்பிளைச் சுற்றியுள்ள சேற்றையும் செம்மண்ணையும் துடைத்தெடுங்கள். ஒரு மணல் துகள் உள்ளே போனாலும் ரப்பர் கப்பைக் கீறிவிடும். டப்பாவில் உள்ள கறுத்த ஆயிலைப் பழைய ஊசிக்குழலால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுசை ஊற்றுங்கள். டியூபின் ஒரு முனையை நிப்பிளில் மாட்டி, முதலில் கொஞ்சம் மேல்நோக்கி வளைத்து, மறு முனையைப் பாட்டிலில் உள்ள ஆயிலுக்குள் முங்கவையுங்கள். மேலே வளைப்பது எதற்கு? வெளியே வந்த குமிழ் மேலே ஏறி விலகிப் போகுமே தவிர நிப்பிளுக்குத் திரும்பாது.

இனி நடப்பது இரண்டு பேரின் குரல்.

“அமுக்கு தம்பி!”

“புடிச்சிருக்கேன்ணே!”

நிப்பிளைக் கால் சுற்று திறந்ததும் டியூபில் கறுப்பு ஆயிலும் குமிழ்களும் சரசரவென்று ஓடும். பெடல் தரையைத் தொடும்.

“விட்டுடாத, இரு… ம், இப்ப விடு!”

நிப்பிளை இறுக்கிய பிறகே அந்த “விடு”. இந்த வரிசை ஒரே ஒரு முறை மாறினாலும் போச்சு. திறந்திருக்கும்போது பெடல் மேலே வந்தால், வெளியேறிய காற்றை அதே வழியாக உள்ளே உறிஞ்சிவிடும். அதனால்தான் கீழே இருப்பவர் கட்டளை, மேலே இருப்பவர் பதில் என்று சத்தம் போட்டே செய்ய வேண்டும். சைகை வேண்டாம், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

ஒரு விஷயம் புதியவர்களைப் பதறவைக்கும்: ஏர் எடுக்கும்போது பெடல் தானாக மேலே வராமல் தரையிலேயே கிடக்கும். உடைந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். திருப்பித் தள்ளும் அழுத்தத்தைத்தான் நீங்கள் திறந்து விட்டுவிட்டீர்களே! கையை விட்டோ, காலின் மேல்பக்கத்தாலோ தூக்கி விட்டால் போதும்.

நாலைந்து மிதிக்கு ஒருமுறை டப்பாவைப் பாருங்கள். ஒரு மிதிக்கு 5 மில்லிலிட்டர் என்று பார்த்தோமே, இருபது மிதிக்கு 100 மில்லிலிட்டர் காலி! மட்டம் கிளட்ச் ஓட்டைக்குக் கீழே போய்விட்டால் மேலேயிருந்து புதுக் காற்று இறங்கும், எல்லாம் முதலிலிருந்து. டியூபில் குமிழ் நின்று, வெளியே வரும் ஆயில் தேன் நிறத்துக்கு மாறும் வரை தொடருங்கள். ஒரே வரிசைக் குழாய் என்பதால் பெரும்பாலும் சீக்கிரமே தெளிந்துவிடும். முடிந்ததும் நிப்பிளை இறுக்கும்போது முழுப் பலத்தையும் காட்ட வேண்டாம். நடுவில் துளையிட்ட சின்னத் திருகு அது. முறிந்தால் சிலிண்டரோடு போகும்.

எவ்வளவு மிதித்தும் பெடல் பஞ்சாகவே இருக்கிறதா? இயற்கையை எதிர்த்துப் போராடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். குமிழின் இயல்பு மேலே போவது. நாமோ அதைக் கீழே தள்ளி வெளியேற்றப் பார்க்கிறோம். மேல்பக்கம் வளைந்த குழாயில் ஒரு குமிழ் ஒளிந்துகொண்டால், ஒரு மிதி தள்ளும் 5 மில்லி அதை வெளியே கொண்டுவரப் போதாது. அப்போது வழியைத் திருப்பிப் போடுங்கள்! சுத்தமான பெரிய ஊசிக்குழலில் புது ஆயிலை நிரப்பி, காற்று துளிகூட இல்லாமல் நிப்பிளில் மாட்டி, கீழேயிருந்து மெல்ல மேலே தள்ளினால் குமிழ் தன் விருப்பப்படியே டப்பாவுக்குள் ஏறி வெடிக்கும். மாஸ்டர் சிலிண்டரில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு துளை உண்டு. பெடல் முழுக்க மேலே இருக்கும்போது மட்டுமே அது திறந்திருக்கும். குமிழ் டப்பாவுக்குத் தப்பும் வாசல் அதுதான். எனவே இதைச் செய்யும்போது பெடலில் கால் வைக்கக் கூடாது. டப்பா நிரம்பி வழியாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட ஆளே இல்லையா? டியூபை மாட்டி, நிப்பிளைத் திறந்து விட்டுப் பொறுமையாக உட்காருங்கள். புவியீர்ப்பே சொட்டுச் சொட்டாக ஆயிலை இறக்கி, காற்றையும் கூட்டிக்கொண்டு வரும். டப்பா வற்றாமல் ஊற்றிக்கொண்டிருப்பதுதான் உங்கள் வேலை.

ரிவர்ஸ் கியர் பொய் சொல்லாது

வேலை சரியாக முடிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இன்ஜினை ஓடவிட்டு, கிளட்சை முழுக்க மிதித்து, நாலைந்து வினாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். முன்னே போகும் கியர்களில் சிங்க்ரோமெஷ் இருப்பதால் கிளட்ச் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் சமாளித்துவிடும். பல வண்டிகளில் ரிவர்ஸுக்கு அந்த வசதி கிடையாது. உள்ளே தண்டு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தால் கர்ரென்று கத்திக் காட்டிக்கொடுத்துவிடும்! சத்தமில்லாமல் விழுந்தால், மறுநாள் காலையில் வண்டி ஆறிக் கிடக்கும்போது முதல் மிதியையும் ஒருமுறை பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற பிறகும் முதல் மிதி கெட்டியாக இருந்தால் தாராளமாகக் கச்சிராயபாளையம் பக்கம் வண்டியைத் திருப்பலாம்.

பிளீச்சிங் பவுடரைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள்!

கை கழுவும் முன் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த ஆயில் கார் பெயின்ட்டில் பட்டால் கொஞ்ச நேரத்தில் பெயின்ட் பொங்கி உரிந்துவிடும். ஆனால் தண்ணீரில் கரையும் குணமுள்ளதால், பட்ட உடனே தண்ணீர் ஊற்றினால் ஓடிப்போகும். அந்த ஒரு வாளித் தண்ணீர் அதற்குத்தான். தேய்க்க வேண்டாம், ஊற்றுங்கள்.

தரையில் சிந்தியதைச் சுத்தம் செய்ய, வீட்டில் இருக்கிறதே என்று பிளீச்சிங் பவுடரைத் தூவிவிடாதீர்கள். அதில் உள்ள கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் இந்தத் திரவமும் சேர்ந்தால், தீக்குச்சி கிழிக்காமலே புகைந்து தீப்பற்றக்கூடும்! மண்ணோ மரத்தூளோ போட்டு அள்ளுங்கள்.

ரப்பருக்கும் ஒரு வினோதம் உண்டு. சிலிண்டரைக் கழுவப் பெட்ரோல், மண்ணெண்ணெய், இன்ஜின் ஆயில் எதையும் தொடக்கூடாது. இந்தத் திரவத்துக்கென்றே செய்யப்பட்ட ரப்பர் கப்புகள் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பிப் பெருத்து சிலிண்டருக்குள் மாட்டிக்கொள்ளும். டப்பாவில் தவறுதலாக இன்ஜின் ஆயில் ஊற்றிவிட்டால் எல்லா ரப்பரையும் மாற்றித்தான் ஆக வேண்டும். சில இடங்களில் கிடைக்கும் ஊதா நிற டாட் 5 ஆயில் சிலிக்கோன் வகை. அதையும் நம் டாட் 3, டாட் 4 உடன் கலக்கக் கூடாது. டாட் 5.1 என்பது மட்டும் வேறு, அது கிளைக்கால் குடும்பம்தான்.

எடுத்த பழைய ஆயில் விஷம். குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள், குழந்தைகள் எடுத்துவிடும். சாக்கடையிலோ ஓடையிலோ கொட்டினால் இந்தப் பக்கத்தில் அது போய்ச் சேருமிடம் கோமுகியும் மணிமுத்தாறும். மூடி இறுக்கி, பழைய ஆயில் சேர்க்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். பாட்டிலில் மிஞ்சிய புது ஆயில் அடுத்த வருஷத்துக்கு ஆகுமே என்று ஆசைப்பட வேண்டாம். சீல் உடைத்த அன்றே அது ஈரம் குடிக்கத் தொடங்கிவிட்டது. அடுத்த முறை புது பாட்டில் வாங்குங்கள். பல தயாரிப்பாளர்கள் பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். அன்றைக்கே கிளட்சையும் சேர்த்துச் செய்ய மெக்கானிக்கிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள். கேட்காவிட்டால் நாலு சக்கரத்தோடு முடித்துவிடுபவர்களும் உண்டு.